கடைமடைக்கு வரும் மின்சாரம்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இடம்பெற்று, பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கோ நான்கு மதிப்பெண்ணுக்கோ கேட்கப்பட்டு, விடைத்தாளைக் கட்டிக் கொடுத்த மறுகணமே பெரும்பாலான மாணவர்களால் மறக்கப்படுகிற ஒரு சிறு கணக்கு உண்டு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன். ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலுமாகிய இந்த அற்பமான கணிதம், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் காரியாபட்டிக்கும் இடையே விரிந்து கிடக்கும் கரிசல் காட்டின் மின்கம்பங்களின் மீது ஒருமுறை கிரமமாகப் போட்டுப் பார்க்கப்படுமானால், விவசாயிகளுக்குக் கொடுக்கப்படும் இலவச மின்சாரத்தைப் பற்றி நாம் முப்பது நாற்பது ஆண்டுகளாக நடத்திவரும் விவாதத்தில் பாதி அவசியமற்றதாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கணக்கை உலகுக்குக் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். பூட்டுத் தொழில் செய்தவரின் மகனாக ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் பிறந்து, கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் கணிதமும் பௌதிகமும் போதித்துவந்த ஜார்ஜ் சைமன் ஓம், கருவிகள் பலவற்றைத் தம் கையாலேயே செய்துகொண்டு, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்சாரம் ஓடும் அளவைப் பொறுமையோடு அளந்து, 1827-ல் தம் நூலை வெளியிட்டார். அந்நாளைய ஜெர்மானியப் பண்டிதர்கள் பலர் அதைக் குளிர்ந்த மௌனத்தோடும் சிலர் பரிகாசத்தோடும் வரவேற்றார்கள். லண்டன் ராயல் சொஸைட்டி 1841-ல் காப்ளி பதக்கத்தை அளித்த பிறகுதான் அவருடைய பெருமை சொந்த நாட்டாருக்கு நன்றாக விளங்கியது. அதே 1841-ல், பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேயராகிய ஜேம்ஸ் ஜூல், கம்பியில் உண்டாகும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது என்பதைப் பிரசுரித்தார். ஓட்டம் இரண்டு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்கு; மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நம் கிராமங்களின் மின்கம்பிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய சாஸ்திரமெல்லாம் ஏறக்குறைய இவ்வளவே.

வீட்டுச் சாதனத்தில் கணக்கு எப்படி நடக்கிறதென்று முதலில் பார்த்துவிடலாம். 230 வோல்ட்டில் 1000 வாட் என்று எழுதியிருக்கும் ஒரு தண்ணீர் ஹீட்டர் சுமார் 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை ஏறக்குறைய 53 ஓம். வரும் மின்சாரம் 180 வோல்ட்டாக இறங்கிவிட்டால், தடை பெரிதாக மாறுவதில்லையாதலால், அது செய்யும் வேலை 1000 வாட்டிலிருந்து 612 வாட்டுக்கு விழுந்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். வேலையோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. “கரண்ட் டல்லா வருது” என்று ஊரார் சொல்வது மிகைப்படுத்திய புகார் அன்று. கணிதமும் அதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் அந்த ஐம்பது வோல்ட் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. கம்பி எடுத்துக்கொண்டது. கண்மாய்ப் பாசனத்தை அறிந்த இந்தச் சீமையாருக்கு இதை விளக்க அதிகச் சிரமம் வேண்டியதில்லை; மடையைத் திறந்துவிட்டால் தலைமடைக்காரருக்குக் கிடைக்கும் தண்ணீர் வாய்க்காலின் வழிநெடுகச் சுவறிப்போய், கடைமடைக்காரருக்கு மிஞ்சுவது ஈரம் மட்டுமே என்ற நிலையை இங்கே தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். மின்மாற்றியிலிருந்து புறப்படும் கம்பிக்கும் தலைமடையும் கடைமடையும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம்: வாய்க்காலில் எவ்வளவு சுவறியது என்பதை ஊகிக்கத்தான் முடியும், கம்பியில் எவ்வளவு போயிற்று என்பதைப் பென்சிலும் காகிதமும் கொண்டு கணக்கிட முடியும்.

இந்தக் கரிசல் சீமையிலுள்ள மல்லாங்கிணறு போன்ற ஊர்களின் அமைப்பே கம்பிகளை நீளமாக்கிவிடுகிறது. நெருக்கமான நஞ்சை நிலம் அல்ல இது. மானாவாரிப் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் விளையும் புஞ்சைக்கு நடுவே, நல்ல தண்ணீர் ஊறும் இடத்தில் மட்டும் ஒரு கிணறு, அதற்கப்பால் வெகுதூரத்தில் இன்னொரு கிணறு என்று சிதறிக் கிடக்கும் பூமி. ஒரு மின்மாற்றியை வைத்து, அதிலிருந்து எட்டுகிற கிணறுகளுக்கெல்லாம் தாழ்வழுத்தக் கம்பியை நீட்டிக்கொண்டே போவதுதான் ஆரம்ப காலத்திலிருந்து வந்த வழக்கம். மின்வாரியத்தார் பயன்படுத்தும் அலுமினியக் கம்பிகளுக்குப் பருமனை ஒட்டி ‘ஸ்குவிரல்’, ‘வீசல்’, ‘ராபிட்’ என்று சிறு பிராணிகளின் பெயர்கள் உண்டு. பழைய ஆங்கிலேய வழக்கம் இன்னும் தொடர்கிறது. இவற்றில் ‘வீசல்’ ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.91 ஓம் தடை உடையது. ‘ராபிட்’ சற்றுப் பருமனானது, 0.55 ஓமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஓம் கூட இல்லாத தடை என்ன செய்துவிடப் போகிறது என்று தோன்றும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மின்மாற்றியிலிருந்து ஒரு கிலோமீட்டர் ‘வீசல்’ கம்பியின் முடிவில் பத்துக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார். மும்முனையில் ஓடும் அத்தகைய மோட்டார் ஒன்று சுமார் ஏழரை ஆம்பியர் எடுக்கும். பத்தும் சேர்ந்தால் 75. எழுபத்தைந்தை 0.91-ஆல் பெருக்கினால் 68. ஆக, ஒவ்வொரு முனையிலும் 68 வோல்ட் கம்பியிலேயே விழுந்துவிடுகிறது. 230 வோல்ட்டாகப் புறப்பட்டது 162 வோல்ட்டாக வந்து சேர்கிறது. உஷ்ணமாக விரயமாகும் திறனைப் பார்த்தால், 75-இன் வர்க்கத்தை 0.91-ஆல் பெருக்கி, மூன்று கம்பிகளுக்காக மூன்றால் பெருக்க, 15,400 வாட் வருகிறது. இருபது குதிரைத்திறனுக்குச் சற்று அதிகம். அதாவது, பத்து மோட்டார்கள் ஓடும் அந்தக் கம்பியில், கண்ணுக்குத் தெரியாத நான்கு மோட்டார்கள் ஆகாயத்தைச் சூடாக்குவதற்கென்றே ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 92 யூனிட். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுக்கப்படும் 100 யூனிட்டை, ஒரு கிலோமீட்டர் கம்பி ஏறக்குறைய ஒரே நாளில் விழுங்கிவிடுகிறது!

பத்துக் கிணறுகளும் கம்பியின் கடைசியிலேயே இருக்குமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவை வழிநெடுகச் சமமாகப் பரவியிருந்தால், கடைசிக் கிணற்றில் விழும் அழுத்தம் பாதியாகி 34 வோல்ட்டும், விரயம் மூன்றில் ஒரு பங்காகிச் சுமார் 5,100 வாட்டும் ஆகும். அப்போதும் கடைமடைக்குக் கிடைப்பது 196 வோல்ட். குறிக்கப்பட்ட அழுத்தத்திலிருந்து நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது, 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த இணைப்புகளுக்கு வகுத்த வரம்பு. 230 வோல்ட்டுக்கு அது 216. எந்த வகையில் பார்த்தாலும் நம் உதாரணத்துக் கிணற்றுக்காரர் வரம்புக்குக் கீழேதான் நிற்கிறார்.

இங்கே ஒரு விபரீதம் இருக்கிறது. ஹீட்டர், குண்டு பல்பு முதலியவை அழுத்தம் குறைந்தால் தாமும் குறைவாக எடுத்துக்கொண்டு அடங்கியிருக்கும். மோட்டாரின் சுபாவம் அப்படிப்பட்டதன்று. ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்கியாக வேண்டிய பாரம் அதன் தலைமேல் இருப்பதால், அழுத்தம் குறையக் குறைய அது அதிக ஆம்பியரை இழுக்கிறது. அதிக ஆம்பியர் ஓடுவதால் கம்பியில் மேலும் அழுத்தம் விழுகிறது. விழவே மோட்டார் மேலும் இழுக்கிறது. ஆகையால் மேலே போட்ட கணக்கு, நிலைமையைக் குறைத்துச் சொல்லும் கணக்கே. மோட்டாரின் முறுக்குவிசையோ அழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்குவது. 162 வோல்ட்டில் அது ஏறக்குறையப் பாதி. பாதி பலத்தோடு முழுப் பாரத்தைத் தூக்க முயலும் யந்திரத்தின் காயில் சூடேறி எரிந்துபோவதில் ஆச்சரியம் என்ன? “காயில் போச்சு” என்று மோட்டாரை ஏற்றிக்கொண்டு ரீவைண்டிங் கடைக்கு வரும் விவசாயி, இலவசமாகப் பெற்ற மின்சாரத்துக்குரிய விலையை அங்கே தாமிரக் கம்பிக்கும் கூலிக்கும் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அரசாங்கத்தின் எந்தப் பேரேட்டிலும் அந்தத் தொகை ஏறுவதில்லை.

விவசாயிகளுடைய பங்கு இதில் எதுவுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மின்சாரம் திரும்பி வந்தவுடன் தானாகவே மோட்டாரை ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரை எல்லாரும் மாட்டிவிடுவதால், மும்முனை மின்சாரம் வந்த கணத்தில் எல்லா மோட்டார்களும் ஒருங்கே கிளம்புகின்றன. கிளம்பும்போது ஒரு மோட்டார், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு ஆம்பியர் எடுப்பது இயல்பாதலால், பீஸ் போவதும் மின்மாற்றி பழுதாவதும் பெரும்பாலும் அந்த முதல் நிமிஷத்தில்தான். ஐந்து குதிரைத்திறனுக்கு அனுமதி பெற்று ஏழரையை இறக்கியிருப்பவர்களும் உண்டு. சில நூறு ரூபாயில் கிடைக்கும் கெபாசிட்டர் ஒன்றை மோட்டாருக்கு மாட்டினால் கம்பியில் ஓடும் வீண் ஓட்டம் குறையும் என்பதை அறிந்தும், தனக்கு உடனடி லாபம் தெரியாத காரணத்தால் அலட்சியம் செய்பவர்களும் உண்டு. இருந்தாலும் ஒரு கிலோமீட்டர் கம்பியை இழுத்தவர் விவசாயி அல்லர்.

கோடையில் நிலைமை இன்னும் கெடுகிறது. அலுமினியத்தின் தடை ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் நூற்றுக்கு 0.4 பங்கு வீதம் ஏறும்; சித்திரை வெயிலிலும் தன் ஓட்டத்தின் சூட்டிலும் காய்ந்து அறுபது டிகிரியை எட்டிய கம்பியின் தடை, இருபது டிகிரியில் இருந்ததைவிட நூற்றுக்குப் பதினாறு பங்கு அதிகம். கம்பிகளை இணைக்கும் ஜம்பர் ஒன்று தளர்ந்து அரை ஓம் தடையை உண்டாக்கினால், இருபது ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் பத்து வோல்ட்டும் 200 வாட்டும் போய்விடும். இரவில் கம்பத்தின் உச்சியில் பொறி பறப்பதாக ஊரார் பார்த்துச் சொல்வது அதைத்தான்.

இனி, இலவச மின்சாரம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். 1932-ல் பைக்காராவிலும், 1937-ல் மேட்டூரிலும், 1944-ல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் எழுந்து, 1957 ஜூலை முதல் தேதி மின்வாரியம் பிறந்து, விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில் கிராமந்தோறும் கம்பங்கள் நடப்பட்டபோது, பம்ப்செட் இணைப்புகளில் பாரதத்துக்கே சென்னை மாநிலம் வழிகாட்டியாக விளங்கியது. பிறகு கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கொங்குநாட்டு விவசாயிகள் 1972-ல் கோயம்புத்தூரின் வீதிகளை மாட்டுவண்டிகளால் நிறைத்ததும், 1984-ல் எம்.ஜி.ஆர். அரசாங்கம் சிறு விவசாயிகளுக்கும், 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசாங்கம் விவசாயிகள் எல்லாருக்குமாகவும் மின்சாரத்தை இலவசமாக்கியதும் நாடறிந்த சரித்திரம். இன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் கணக்குப்படி அரசாங்கம் வாரியத்துக்கு மானியம் கொடுத்துவிடுகிறது.

மீட்டர் இல்லாத இடத்தில் நடப்பது என்ன? மின்மாற்றியை விட்டுப் புறப்பட்டதில், விவசாயி உபயோகித்தது இவ்வளவு, கம்பி விழுங்கியது இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அளவை எதுவும் இல்லாதபோது, இரண்டும் மதிப்பீட்டின் மூலமே பிரிக்கப்படுகின்றன; மதிப்பீடு எங்கே தவறினாலும் அந்தப் பழி வந்து சேருமிடம் கிணற்றடிதான். நகரத்து வாசகர் “எல்லாவற்றையும் விவசாயி இலவசமாக உறிஞ்சிவிடுகிறார்” என்கிறார். கிராமத்தாரோ, “மீட்டர் வைத்தால் நாளைக்குப் பில் வரும்” என்று அஞ்சி அதைக் கிணற்றுக்குள் விட மறுக்கிறார். அவருடைய அச்சத்துக்கு 1972-ன் ஞாபகம் ஆதாரமாக இருக்கிறது. அதைக் கேலி செய்வதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் அவருடைய கிணற்றடிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் நான் சொல்லவந்தது. கம்பியின் நீளம் வாரியத்தின் வரைபடத்தில் இருக்கிறது. அதன் வகை தெரிந்தால் தடை தெரிந்துவிடும். எந்தெந்தத் தொலைவில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்பது இணைப்புப் பதிவேட்டில் இருக்கிறது. மின்மாற்றியில் ஒரு மீட்டர் பொருத்தி, மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறதென்று பார்த்துவிட்டால், கம்பியில் எவ்வளவு போயிற்று என்பதை ஓமும் ஜூலும் சொல்லிவிடுவார்கள். மிஞ்சியதே விவசாயி எடுத்தது. யாருடைய மோட்டார் அறைக்குள்ளும் நுழையாமல், யாருக்கும் பில் வரும் என்ற பயத்தை உண்டாக்காமல், இலவச மின்சாரத்தின் மெய்யான அளவு தெரிந்துவிடும். பதிவேட்டில் உள்ளதும் பூமியில் உள்ளதும் ஒன்றாயிராது என்பார்கள். மின்மாற்றியின் ஆம்பியரே அந்த வித்தியாசத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

மல்லாங்கிணற்றுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சம்பந்தமும் உண்டு. அவ்வூரைச் சொந்த ஊராகக் கொண்ட தங்கம் தென்னரசு, நிதியமைச்சராக இருந்தபடியே 2023 ஜூன் முதல் 2024 செப்டம்பர் வரை மின்சாரத் துறையையும் கவனித்துவந்தார். மானியத்தைக் கொடுக்கும் கையும் அதை வாங்கும் கையும் ஓராண்டுக்கு மேல் ஒருவருடையதாகவே இருந்தன. எந்தக் கட்சியின் ஆட்சியாயினும், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே கம்பியில் கரைந்துபோவது எவ்வளவு என்று ஒரு மின்மாற்றிக்கேனும் கணக்கெடுத்துப் பகிரங்கமாக வெளியிட அதைவிட வசதியான சந்தர்ப்பம் இனி வாய்ப்பது அரிது.

பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அன்று. கம்பியைப் பருமனாக்கி ‘ராபிட்’ போட்டால், நம் உதாரணத்தில் விரயம் 15,400 வாட்டிலிருந்து 9,200 வாட்டாகக் குறையும். நல்லதுதான், ஆனால் போதாது. அழுத்தத்தை உயர்த்துவதுதான் ராஜபாட்டை. அதே திறனை, இரு முனைகளுக்கிடையே 400 வோல்ட்டாக இருக்கும் தாழ்வழுத்தத்தில் அனுப்பாமல் 11,000 வோல்ட்டில் கிணற்றுப் பக்கம்வரை கொண்டுபோய், அங்கே இரண்டு மூன்று மோட்டார்களுக்கு ஒன்றாகச் சிறு மின்மாற்றி வைத்து இறக்கினால், 75 ஆம்பியர் ஓடிய இடத்தில் மூன்று ஆம்பியர்கூட ஓடாது. 15,400 வாட் விரயமான கம்பியில் சுமார் 20 வாட் மட்டுமே விரயமாகும். சிறு மின்மாற்றிகளுக்கும் சொற்ப நஷ்டம் உண்டு. அதைச் சேர்த்தாலும் ஒப்பிடத் தக்கதன்று. ஆந்திரத்தில் விவசாய இணைப்புகளுக்கு இம்முறையைப் பரவலாகக் கையாண்டிருக்கிறார்கள். 1882-ல் நியூயார்க்கில் எடிசன் நிறுவிய நிலையம் 110 வோல்ட் நேர்மின்சாரத்தை ஏறக்குறைய ஒரு மைலுக்கு அப்பால் அனுப்பமுடியாமல் திண்டாடியதற்கும், பின்னர் மாறுமின்சாரம் அவரை வென்றதற்கும் காரணம் இதே கணக்குத்தான்.

இதற்கு நிதர்சனமான சாட்சியை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கே கமுதியில் 2016-ல் இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையம் 648 மெகாவாட் திறன் உடையது. அது நிறுவப்பட்ட காலத்தில் ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே மிகப் பெரியதென்று பேசப்பட்டது. அந்த மின்சாரம் 400 கிலோவோல்ட்டில் புறப்படுகிறது. முழுத் திறனில் இயங்கினாலும் ஒவ்வொரு முனையிலும் ஓடுவது ஆயிரம் ஆம்பியருக்குள்தான். நம் கிணற்றுக்கு வரும் 400 வோல்ட்டில் அதை அனுப்ப நினைத்தால் ஒன்பது லட்சம் ஆம்பியருக்கு மேல் வேண்டும். முதலீடு போட்டு விற்கப்படும் மின்சாரத்துக்கு இந்தக் கணக்கு ஒரு வோல்ட்கூடப் பிசகாமல் போடப்படுகிறது. அதே வெயிலில் காயும் பக்கத்துக் காட்டின் கிணற்றுக்குப் போகும் மின்சாரத்துக்கு, அது இலவசம் என்ற ஒரே காரணத்தால், அந்த அளவு அக்கறையோடு யாரும் போடுவதில்லை. விலையில்லாத பொருளின் விரயத்துக்கும் விலையில்லை என்று நிர்வாகம் நினைத்துவிட்டதுபோலும்.

ஆகவே மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம். மின்மாற்றி ஒவ்வொன்றின் அருகிலும், எல்லாரும் படிக்கும்படி தமிழில் ஒரு பலகை வையுங்கள். இந்த மின்மாற்றியின் திறன் இவ்வளவு, இதிலிருந்து போகும் கம்பியின் வகை இது, நீளம் இவ்வளவு, உச்ச நேரத்தில் ஓடும் ஆம்பியர் இவ்வளவு, கடைசிக் கம்பத்தில் அளந்த வோல்ட் இவ்வளவு, அளந்த தேதி இது என்று அதில் எழுதி, ஆண்டுக்கு இரண்டு முறையாவது திருத்துங்கள். மீதிக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள். மல்லாங்கிணறு பேரூராட்சியிலிருந்தே தொடங்கலாம். பலகைக்கு ஆகும் செலவை அந்தக் கம்பி ஒரு வாரத்தில் விழுங்கிவிடுகிறது.